கற்பிட்டி தந்த காசிச்செட்டி

ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் சூழ நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. அங்கே ஒல்லாந்தர் கட்டிய கோட்டையைக் காணச் செல்வோர் பலர். 1807ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் அவ்வூரிலே சைமன் காசிச்செட்டி பிறந்தார் என்பதை அறிந்தவரோ சிலரே.

அன்னார் இளமையிலேயே அரசாங்க சேவையிற் புகுந்து, புத்தளத்து முதலியாராகி, 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக வீற்றிருந்தார். பின்னர் சிவில் சேவையில் அமர்ந்து சிலாபத்திலே நீதிபதியாய் விளங்கினார். பதவிகளை இவ்வளவில் நிறுத்துவோம். அவை பிறருக்கும் கிடைத்தன. நாம் வியப்பது அவர் இருபத்தேழு வயதிற் செய்த காரியத்தையே.

1834இல் அவர் ஆங்கிலத்தில் இலங்கை கசெற்றியர் என்னும் நூலை வெளியிட்டார். மாகாணங்கள், ஊர்கள், துறைமுகங்கள், ஆறுகள், வேளாண்மை, வாணிகம், அரசிறை, குடித்தொகை ஆகியவற்றைத் திரட்டி, ஊர்ப்பெயர்களை அகரவரிசையில் அமைத்தார். கச்சேரி ஏட்டிலொன்றும் முதியவர் நினைவிலொன்றுமாகக் கிடக்கும் செய்தியை எவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்? ஓரிடத்தில் அடுக்கிய பின்னரே, இவ்வூரிற் சனம் மிகுந்திருப்பது ஏன், அவ்வூரிற் குறைந்திருப்பது ஏன் என்ற கேள்வி பிறக்கிறது.

அவர் படம் வரைந்து காட்டினாரல்லர். அக்கலை மேனாட்டில் அப்பொழுதே தோன்றியிருந்தது. 1786இல் வில்லியம் பிளேபெயர் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோடுகளாக வரைந்து காட்டினார். 1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபொழுது, மருத்துவர் ஜோன் ஸ்னோ இறந்தோரை வீடுவீடாக வரைபடத்திற் குறித்தார். குறிகள் ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குவிந்தன. அந்நீரே நஞ்சு என்பது கண்ணுக்குத் தெரிந்தது. பட்டியலில் இருந்த எண்களும் அவையே. ஆயினும் பட்டியல் அதைச் சொல்லவில்லை. அளவுகோலை நீட்டிச் சிறு மேட்டை மலையாகக் காட்டும் படங்களும் உண்டு என்பதை இளைஞர் மறத்தலாகாது. எனினும், ஊரூராய் விசாரித்து எழுதி வைப்பவன் ஒருவன் இல்லையேல் குறிக்கவே புள்ளி ஏது? காசிச்செட்டி அப்பணியைச் செய்தவர்.

1859இல் தமிழ் புளூட்டாக் என்னும் நூலில் தமிழ்ப் புலவர் பலரின் வரலாறுகளை அவர் தொகுத்தார். தாம் கிறிஸ்தவராயிருந்தும் சைவ, வைணவப் புலவரை மதித்தே எழுதினார். இங்கும் அகரவரிசையே, தேடுவோர்க்கு அது உதவும். ஆனால் சங்கப் புலவரும் அண்மைக்காலப் புலவரும் அருகருகே நிற்க, காலம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அவர் கூறிய காலங்கள் பலவற்றை இன்றைய ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. எம் அங்கத்தவர் ஒரு நீண்ட தாளில் நூற்றாண்டுக் கோடிட்டு அப்புலவரை இன்றைய ஆராய்ச்சியின்படி நிறுத்திப் பார்க்கட்டும். எங்கே கூட்டம், எங்கே வெறுமை என்பது ஒரு பார்வையிற் புலப்படும். அவ்வெறுமை புலவர் இல்லாமையாலா, ஏடுகள் அழிந்தமையாலா என்பதைப் பெரியோரிடம் கேட்டறியலாம்.

காசிச்செட்டி 1860 நவம்பர் 5ஆம் நாள் காலமானார். அப்புலவர் வரலாறு 1946இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளுடன் கொழும்பில் மீண்டும் அச்சாயிற்று.