சிரிப்பு வித்தைக்காரர் டாமி கூப்பர்

வித்தை காட்ட வந்தவரின் கை பிசகிவிட்டால் அவையோர் நகைப்பர். வித்தைக்காரரோ வெட்கித் தலைகுனிவார். அந்த நகைப்பையே தம் தொழிலாக்கிக்கொண்டு, பிரிட்டன் மக்களை முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிரிக்க வைத்தவர் டாமி கூப்பர். அன்னாரின் வாழ்க்கையைச் சிறிது காண்போம்.

இவர் 1921ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள், வேல்ஸ் நாட்டிலுள்ள கேர்ஃபில்லி என்னும் ஊரில் பிறந்தார். இவருக்கு மூன்று வயதானபோது குடும்பம் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகருக்குக் குடிபெயர்ந்தது. எட்டு வயதில் உறவினப் பெண்மணி ஒருவர் வித்தைப் பொருள்கள் அடங்கிய பெட்டியொன்றைப் பரிசளித்தார். அதன்பின் சிறுவனின் கைகள் ஓயவில்லை.

பள்ளியை விட்டபின் படகு கட்டும் பட்டறையொன்றில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். அங்கு உணவுக்கூடத்தில், உடன் உழைத்த தொழிலாளர்கள் முன்னிலையில் ஒரு நாள் வித்தை காட்டினார். தொட்டதெல்லாம் பிசகிற்று. கூடமே சிரிப்பால் அதிர்ந்தது. வெளியே வந்து அவர் அழுதார் என்பர். நாமாக இருந்தால் பெட்டியை அன்றே மூடி வைத்திருப்போம். அவரோ, அத்தனை பேரும் மனம்விட்டுச் சிரித்தார்களே என்று எண்ணிப் பார்த்தார். பிற்காலப் புகழுக்கெல்லாம் வித்து அங்கேதான் விழுந்தது.

1940இல் குதிரைக் காவற்படையில் சேர்ந்து ஏழாண்டுகள் பணியாற்றினார். எகிப்தில் இருந்தபோது படைவீரர்களுக்கு வித்தை காட்டுவார். ஒரு நாள் மேடைக்குரிய தொப்பி கைவசம் இல்லாமற் போகவே, அவ்வழியே சென்ற பணியாளரின் தலையிலிருந்த சிவப்புத் துருக்கித் தொப்பியை எடுத்து அணிந்துகொண்டாராம். நம் நாட்டுச் சொங்கோக்கைவிட உயரமாய், கருங்குஞ்சம் தொங்க, ஆறடிக்கு மேல் வளர்ந்த அம்மனிதரின் தலையில் அது அமர்ந்ததைக் கண்டதுமே வீரர்கள் சிரித்தனர். அன்று ஏறிய தொப்பி இறுதிவரை இறங்கவில்லை.

1947இல் குவென் என்னும் மங்கையை மணந்து, படையிலிருந்தும் விடுபட்டு, லண்டன் மேடைகளில் நாளொன்றுக்குப் பல காட்சிகள் நடத்தினார். தொலைக்காட்சி வந்ததும் புகழ் வீடுதோறும் பரவிற்று. அவருடைய மேசையில் புட்டிகள், குவளைகள், கரண்டி, துணி எனப் பொருள்கள் குவிந்து கிடக்கும். ஒரு புட்டியும் ஒரு குவளையும் இடம் மாறும் என்பார். அவை மாறாமல், எண்ணற்ற புட்டிகள் முளைக்கும். பெட்டி நிறையத் தொப்பிகளை வைத்துக்கொண்டு, ஒரே கதைக்குள் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஒரு தொப்பியாக மாற்றுவார். இடையில் தொப்பிகள் குழம்பிப்போகும். இவையெல்லாம் அறியாமையால் நேர்ந்த பிழைகள் என்று எண்ணிவிடலாகாது. கூப்பர் கைதேர்ந்த வித்தைக்காரர். லண்டன் வித்தைக்காரர் சங்கத்தின் உறுப்பினர். எந்த நொடியில் எது தவற வேண்டும் என்பதை அறிந்தே தவறவிட்டார்.

ஆயினும் மதுப்பழக்கம் அவர் உடலை அரித்தது. 1977இல் ரோம் நகரில் மாரடைப்பு ஏற்பட்டது. தேறியதும் மீண்டும் மேடையேறினார்.

1984 ஏப்ரல் 15ஆம் நாள், லண்டன் ஹெர் மெஜஸ்டிஸ் அரங்கில் நிகழ்ச்சி. பல இலட்சம் இல்லங்களுக்கு அது நேரடியாக ஒளிபரப்பாயிற்று. அவர் நீண்ட அங்கி அணிந்து நிற்க, திரைக்குப் பின்னிருந்து ஜிம்மி டார்பக் என்னும் கலைஞர் ஒவ்வொரு பொருளாக அங்கிக்குள் நீட்ட வேண்டும். கூப்பர் அவற்றை வெளியே எடுக்க வேண்டும். இதுவே ஏற்பாடு. அங்கி அணிந்த சற்று நேரத்தில் கூப்பர் திரையோரம் சரிந்து அமர்ந்தார். தவறுவதே அவர் வித்தை அல்லவா! இதுவும் அவ்வாறே என்றெண்ணி அவையோர் கைகொட்டிச் சிரித்தனர். திரைக்குப் பின்னால் நின்றவரும் முதலில் அப்படியே நினைத்தார். ஆனால் அது மாரடைப்பு. 63 வயதில், சிரிப்பொலி அடங்குமுன்பே அவர் வீழ்ந்துவிட்டார்.

2008இல் பிறந்த ஊரில் அவருக்குச் சிலை எழுப்பினர். அவர் விட்டுச்சென்ற பொருள்களும் குறிப்புகளும் 2016இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகத்தைச் சேர்ந்தன. மேடையில் எதையும் ஒழுங்காக வைக்கத் தெரியாதவர்போல் நடித்த அம்மனிதர், தம் நகைச்சுவைத் துணுக்குகள் அனைத்தையும் பொருள்வாரியாகப் பிரித்து, அகரவரிசையில் அடுக்கி வைத்திருந்தார்.