நினைவின் படிகள்

சென்ற திங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரு தொல்லை நேர்ந்தது. நாள்தோறும் தேவைப்படும் சில அட்டவணைகள் கணினியின் விரைவு நினைவகத்தில் தங்கியிருந்தன. கேட்டவுடன் விடை வந்தது. ஓரிரவு, பல கோடி வரிகள் கொண்ட பேரட்டவணை ஒன்றை முதலிலிருந்து முடிவு வரை படிக்கும்படி ஏவிவிட்டு விடுதிக்குத் திரும்பினேன். ஒரு முறைக்கு மேல் பயன்படாத அதன் பக்கங்கள் வெள்ளமெனப் புகுந்து, அன்றாடம் வேண்டியவற்றை வெளியே தள்ளிவிட்டன. மறுநாள் காலை ஒவ்வொன்றையும் வட்டிலிருந்து மீண்டும் எடுத்துவர வேண்டியதாயிற்று.

எதை அருகில் வைப்பது, எதைத் தொலைவில் வைப்பது? இந்தக் கேள்வியைத் தொடக்க காலத்திலேயே தெளிவாக எண்ணிப் பார்த்த அறிஞர் ஒருவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அதையே இங்கு எழுதுகின்றேன்.

ஜான் வான் நியூமன் 1903ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில், வங்கித் தொழில் செய்த ஒருவரின் மகனாகப் பிறந்தார். நம் நாட்டுச் சதாவதானிகளை நினைவூட்டும் ஆற்றல் அவருக்கு இளமையிலேயே இருந்தது. தொலைபேசிப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைச் சற்றே பார்த்துவிட்டு, பெயரையும் எண்ணையும் ஒப்பித்து விருந்தினரை வியக்கச் செய்வாராம். சூரிக்கில் வேதிப் பொறியியலும் புடாபெஸ்டில் கணிதமும் கற்றார். 1930இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குச் சென்றார். 1933 முதல் அங்குள்ள உயராய்வு நிறுவனத்தில் பேராசிரியராக விளங்கினார். அணுகுண்டு ஆக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. அதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனமில்லை.

1944இல் அபர்தீன் ரயில் நிலையத்தில் கோல்ட்ஸ்டைன் என்னும் கணித அறிஞரைச் சந்தித்தார். அப்போது உருவாகிக்கொண்டிருந்த எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறியைப் பற்றி அவர் வாயிலாக அறிந்தார். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அப்பெரும் பொறி, தன் திரட்டிகளில் இருபது எண்களையே நினைவில் வைக்க வல்லது! கணக்கிடும் வேகம் பெரிது; நினைவோ மிகச் சிறிது.

1946இல் வான் நியூமன், பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன் மூவரும் ஓர் அறிக்கை எழுதினர். அளவற்ற நினைவு முழுவதும் உடனே கைக்கு எட்டுவதுதான் விருப்பம். ஆனால் அது இயலாது. ஆகவே நினைவைப் படிகளாக அமைக்க வேண்டும் என்றனர். மேற்படி சிறியது, விரைவானது. கீழே இறங்க இறங்க இடம் பெருகும், வேகம் குறையும். என் விடுதி அறையும் அப்படித்தான்: மேசைமேல் நான்கு நூல்கள், கட்டிலடிப் பெட்டியில் நாற்பது, மற்றவை எல்லாம் ஊரில்.

1952இல் பிரின்ஸ்டன் பொறி பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. அதன் விரைவு நினைவகம் நாற்பது பிட்டுகள் கொண்ட 1,024 சொற்கள். இன்றைய கணக்கில் 5 கிலோபைட்டுதான். அதற்குள் அடக்கியே வானிலையையும் கணித்தார்கள், குண்டையும் கணித்தார்கள்.

1955இல் அவரைப் புற்றுநோய் பற்றியது. யேல் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்துவதற்காகக் கணிப்பொறியையும் மனித மூளையையும் ஒப்பிட்டு எழுதத் தொடங்கிய சொற்பொழிவுகள் முற்றுப்பெறவில்லை. மருத்துவமனையில் அந்தப் பேரறிவும் மெல்ல நழுவியது. இரண்டு சிறிய எண்களைக் கூட்டும் கணக்குகளைக் கேட்டுத் தம்மைச் சோதிக்கும்படி மகளை வேண்டினாராம். அந்த இடத்தில் நூலை மூடிவிட்டுச் சிறிது நேரம் வெளியே நடந்தேன். 1957 பிப்ரவரி 8ஆம் நாள், ஐம்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார்.

அன்பர்களே, எல்லாவற்றையும் அருகிலேயே வைத்திருந்த மனிதருக்கும் ஒருநாள் அது இயலாமற் போயிற்று. நாம் தேர்ந்துதான் வைக்க வேண்டும். மறுநாள் ஆய்வுக்கூடம் சென்றதும், ஒருமுறை மட்டும் படிக்கும் பேரட்டவணைக்கு நினைவகத்தில் சிறு மூலை ஒன்றையே ஒதுக்கினேன். அன்றாட அட்டவணைகள் இப்போது தம் இடத்திலேயே இருக்கின்றன. அன்று மாலை, பல நாளாகப் பெட்டியின் அடியில் கிடந்த அம்மாவின் கடிதங்களையும் எடுத்து மேசைமேல் வைத்தேன்.