கராச்சியில் பிறந்த படை, லாகூரில் விழுந்த விமானி

கேகாலை மாவட்டத்தின் இறப்பர் தோட்டங்களுக்கு 1942ஆம் ஆண்டு சாதாரண ஆண்டாக அமையவில்லை. மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமானதும், நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பரை வழங்கும் பிரதான தேசமாக இலங்கை மாறியது. மரத்தின் ஆயுளைப் பொருட்படுத்தாது பால் வெட்டும்படி கட்டளை பிறந்தது. அரநாயக்க போன்ற மலைப்புறங்களை உள்ளடக்கிய இம்மாவட்டத்திலிருந்து சென்ற இறப்பர், எங்கோ ஒரு யுத்த விமானத்தின் சக்கரமாக உருண்டது. பால் வெட்டிய கைகளுக்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

அதே ஆண்டில், அதே யுத்தத்தில், அந்நியக் கொடியின் கீழ் பறந்து பதக்கம் பெற்ற ஓர் இந்திய விமானியின் கதையை இன்று நாம் நினைவுகூர விழைகின்றோம். அவர் பெயர் கருண் கிருஷ்ண மஜும்தார். பருத்த உடல்வாகினால் தோழர்கள் அவரை ஜம்போ என்றழைத்தனர். அப்பெயராலேயே வரலாறும் அவரை அறிகின்றது.

1913ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்த மஜும்தாரின் குடும்பப் பின்னணி கவனத்திற்குரியது. 1885ஆம் ஆண்டு பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸின் முதலாவது மாநாட்டுக்குத் தலைமை வகித்த டபிள்யூ. சி. பொன்னர்ஜி, இவருடைய தாயாரின் தந்தையாவார். பாட்டனார் சுதேசிகளின் உரிமைக்காகக் குரல் எழுப்பிய இயக்கத்தின் முதற் தலைவர். பேரனோ பிரித்தானிய மன்னரின் சீருடையை அணிந்தவர். இதனை முரண்பாடு என்று கூறி ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் நீதிமன்றம், பல்கலைக்கழகம், நிர்வாக சேவை ஆகியவற்றில் சுதேசிகள் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்த காலத்தில், இறுதிவரை மூடிக் கிடந்த கதவுகளுள் ஒன்று ஆகாயத்தின் கதவாகும்.

விமானத்தைச் செலுத்தவும் படையணிக்குத் தலைமை தாங்கவும் இந்தியரால் இயலுமா என்ற ஐயம் ஆட்சியாளர் மத்தியில் வெளிப்படையாகவே நிலவியது. 1933ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி கராச்சியின் டிரிக் ரோட் தளத்தில் இந்திய விமானப் படையின் முதலாவது படையணி உதயமானபோது, அதில் இருந்தவர்கள் 6 அதிகாரிகளும் 19 ஹவாய் சிப்பாய்களும் மட்டுமே. விமானங்கள் நான்கு, அவையும் பழைய வபிட்டி ரக விமானங்கள். இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் பயிற்சி பெற்றுத் திரும்பிய மஜும்தார் இச்சிறு படையில் இணைந்தார். 1941ஆம் ஆண்டு அந்த முதலாம் படையணியின் தலைமை அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 28ஐ எட்டவில்லை.

1942 பெப்ரவரி முதலாம் திகதி அவரது படையணி பர்மாவின் டௌங்கூ தளத்தைச் சென்றடைந்தது. அங்கு நிலைமை பரிதாபகரமானதாக இருந்தது. 1941 டிசம்பர் 23ஆம் திகதி முதல் ரங்கூன் மீது குண்டுகள் விழுந்த வண்ணம் இருந்தன. டௌங்கூ தளமும் ஜப்பானியரின் தாக்குதலுக்கு உள்ளானது. மஜும்தாரிடம் இருந்தவையோ லைசண்டர் விமானங்கள். அவை குண்டு வீசுவதற்கென அமைக்கப்பட்டவை அல்ல. தரைப்படைக்கு உளவு பார்ப்பதற்கும் குறுகிய வெளிகளில் இறங்குவதற்குமாக அமைக்கப்பட்ட, வேகம் குறைந்த விமானங்கள். ஜப்பானியப் போர் விமானம் ஒன்று எதிர்ப்பட்டால் தப்புவது அரிது.

இருப்பினும் அவற்றைக் குண்டுவீச்சு விமானங்களாக மாற்றுவதென முடிவாயிற்று. ஹர்ஜிந்தர் சிங் என்ற தொழினுட்பவியலாளரும் அவருடன் இருந்த இந்தியத் தொழிலாளரும் லைசண்டரின் கீழ் 250 இறாத்தல் குண்டுகளைத் தாங்கும் அமைப்பைத் தம் கைகளாலேயே பொருத்தினர். படையணி வந்து சேர்ந்த மறுநாள், அத்தகைய இரு குண்டுகளுடன் மஜும்தார் தனியொரு லைசண்டரில் புறப்பட்டார். நியூசிலாந்து விமானிகள் செலுத்திய இரு பஃபலோ போர் விமானங்களே துணைக்குச் சென்றன. எல்லைக்கு அப்பால் தாய்லாந்து மண்ணிலிருந்த ஜப்பானிய விமானத் தளத்தை அவர் மிகத் தாழ்வாகப் பறந்து தாக்கித் திரும்பினார். அடுத்த நாள் அவரது படையணி முழுவதும் அதே இலக்கை நோக்கிப் பறந்தது. தாம் முதலில் சென்று பார்த்த பின்னரே தம்மவரை அழைத்துச் சென்றார் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

இத்தாக்குதல்கள் பர்மாவைக் காப்பாற்றவில்லை. மார்ச் 8ஆம் திகதி ரங்கூன் வீழ்ந்தது. அந்நாட்களில் வானத்தில் இந்திய விமானிகள் பறந்துகொண்டிருக்க, தரையில் சுமார் 5 இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். செட்டிநாட்டு வணிகரும், துறைமுகக் கூலிகளும், ரங்கூனில் கடை விரித்திருந்த தமிழ் முஸ்லிம் வர்த்தகரும் அக்கூட்டத்தில் இருந்தனர். காடுகளையும் மலைகளையும் நடந்தே கடந்தவர்களுள் பல்லாயிரம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். பேரரசு தன் வீரர்களின் கணக்கை வைத்திருந்தது. தன் கூலிகளின் கணக்கை அது சரிவரப் பேணவில்லை.

அடுத்த மாதம் யுத்தம் இலங்கையின் வாசலுக்கே வந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பும், 9ஆம் திகதி திருகோணமலையும் தாக்கப்பட்டன. அந்த 9ஆம் திகதி, கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்து எழுந்த பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் தேடிச் சென்று தாக்கின. அவற்றுள் ஐந்து திரும்பி வரவில்லை. அவற்றில் சென்றோரின் பெயர்களை நம் பிள்ளைகள் அறியமாட்டார்கள்.

பர்மாப் பணிக்காக மஜும்தாருக்கு அவ்வாண்டிலேயே சிறப்புப் பறத்தல் சிலுவைப் பதக்கம் வழங்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் அப்பதக்கத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அதன் பின்னர் அவர் மேசைப் பணியில் அமைதியாக இருந்திருக்கலாம். அவ்வாறு இருக்க அவர் விரும்பவில்லை. 1944ஆம் ஆண்டு ஐரோப்பா சென்று, பிரித்தானியப் படையணி ஒன்றுடன் சேர்ந்து, நோர்மண்டிப் போர்க்களத்தின் மீது தாழப் பறந்து உளவறியும் பணியை மேற்கொண்டார். அது, கீழிருந்து சுடும் பீரங்கிகளுக்கு முகங்கொடுத்துச் செய்ய வேண்டிய பணி. 1945 ஜனவரியில் அதே பதக்கம் இரண்டாவது தடவையாக அவருக்குக் கிடைத்தது.

பர்மாவிலும் பிரான்ஸிலும் எதிரியின் குண்டுகளுக்குத் தப்பியவரை மரணம் சொந்த மண்ணில் சந்தித்தது. நாடு திரும்பி, விமானப் படையைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தும் வான் காட்சிகளில் அவர் ஈடுபட்டிருந்தார். 1945 பெப்ரவரி 17ஆம் திகதி, லாகூரின் வால்டன் விமானத் தளத்தில் அவர் செலுத்திய ஹரிகேன் விமானம் வான் சாகசத்தின்போது கட்டுப்பாட்டை இழந்து தரையில் மோதியது. அவர் உயிரிழந்தபோது வயது 31. ஒரு மாதம் நிறைவடைவதற்குள் இந்திய விமானப் படைக்கு அதன் யுத்த சேவையைப் பாராட்டி 'ரோயல்' என்ற அடைமொழி சூட்டப்பட்டது.

இரண்டரை ஆண்டுகளில் தேசம் பிரிந்தது. அவரது படையணி பிறந்த கராச்சியும், அவர் உயிர்நீத்த லாகூரும் பாகிஸ்தானாயின. அவர் பிறந்த கல்கத்தா இந்தியாவில் நின்றது. ஒரே படையில் ஒரே சீருடையில் பறந்தவர்கள் இரு படைகளாயினர். முதலாம் படையணிக்குப் பின்னாளில் தலைமை தாங்கிய அர்ஜன் சிங், 1965ஆம் ஆண்டு யுத்தத்தில் இந்திய விமானப் படையின் தளபதி. எதிரணியில் பாகிஸ்தான் விமானப் படைக்குத் தலைமை வகித்த நூர் கானும் அதே பழைய படையில் பயின்றவரே. மஜும்தார் உயிரோடிருந்திருப்பின், தம் தோழருக்கு எதிராகவே அவரும் நிற்க நேர்ந்திருக்கும்.

அந்நியருக்காக உயிரைப் பணயம் வைத்தவர் என்று அவரைக் குறைகூறுவோர் உளர். சுதேசியின் ஆற்றலை நிரூபித்தவர் என்று புகழ்வோரும் உளர். எமது எண்ணத்தில் இரண்டிலும் உண்மை உண்டு. அவர் பறந்தது பேரரசின் கொடிக்குக் கீழேதான். ஆனால் அவர் திறந்துவிட்ட கதவு வழியே பின்னர் சென்றவர்கள் சுதந்திர நாடுகள் இரண்டின் விமானிகளாயினர்.

முப்பதாண்டு யுத்தம் ஒன்றைக் கடந்து வந்த நம் தேசத்திலும் இறந்தவர்களைக் கொடி பார்த்து, இனம் பார்த்து, மதம் பார்த்து நினைவுகூரும் வழக்கம் வேரூன்றியிருக்கின்றது. தமிழருக்குத் தமிழரின் துயரமும், முஸ்லிம்களுக்கு முஸ்லிம்களின் துயரமும் மட்டுமே தெரிகின்றன. லாகூரில் வீழ்ந்த வங்காளியையும், பர்மாக் காட்டில் மாண்ட தமிழ் முஸ்லிம் வணிகரையும், கேகாலை மலையில் அந்த யுத்தத்திற்காக இறப்பர்ப் பால் வெட்டிய தோட்டத் தாயையும் ஒரே வரலாற்றில் சேர்த்து வாசிக்க நாம் பழகிக்கொள்ள வேண்டும். எல்லைகள் பின்னர் வரையப்பட்டவை. இறந்தவர்களை அவற்றுக்கு ஏற்பப் பங்கிட வேண்டிய கடமை நமக்கு இல்லை.