தூக்குமேடை ஏறிய தொழிற்சங்கத் தலைவர்: மலாயா கணபதி

கோலாலம்பூர், புக்கிட் பிந்தாங் பகுதியில் இன்று லாலாபோர்ட் பேரங்காடி எழுந்து நிற்கும் இடத்தில் முன்பு புடு சிறைச்சாலை இருந்தது. ஏறத்தாழ நூறாண்டுகள் இயங்கி, 1996இல் மூடப்பட்டு, 2010 முதல் இடிக்கப்பட்ட அச்சிறையின் பழைய நுழைவாயில் மட்டும் நினைவுச் சின்னமாக எஞ்சியுள்ளது. அவ்விடத்தில் நண்பர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும் நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு, 1949 மே 4ஆம் நாள் அந்தச் சுவர்களுக்குள் எஸ். ஏ. கணபதி என்ற தமிழர் தூக்கிலிடப்பட்ட செய்தி தெரியும்? சிலருக்கு அவர் தியாகி. சிலருக்கு அவர் பயங்கரவாதி. பெரும்பாலோருக்கு அவர் பெயரே தெரியாது. இந்த மூன்றாவது நிலைதான் நம்மை அதிகம் வருத்துகிறது.

தம்பிக்கோட்டையிலிருந்து மலாயாவுக்கு

தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்த கணபதி, சிறு வயதிலேயே கடல் கடந்து வந்தவர். பால் மரக்காட்டிலும் துறைமுகத்திலும் இரயில் பாதையிலும் நம் மக்கள் வியர்வை சிந்திய காலம் அது. ஜப்பானியர் ஆட்சியின்போது நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, பயிற்றுநராகப் பணியாற்றினார். அயலான் முன் தலைகுனிந்தே பழகிய ஒரு சமுதாயத்தின் இளைஞர்கள், சீருடை அணிந்து நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொண்ட காலம் அது. போர் முடிந்தபின் அந்த நிமிர்வு தொழிற்சங்கத்துக்குள் புகுந்தது.

கிள்ளான் கேட்ட உரிமை

கணபதியின் பாதையைப் புரிந்துகொள்ள 1941ஆம் ஆண்டுக் கிள்ளானைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு அங்குள்ள தோட்டங்களில் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குத் தகுதியான ஆசிரியர்கள், கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றைக் கேட்டனர். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கியாக வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தும்படியும் கேட்டனர். அந்தப் பட்டியலில் பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் இருந்தன என்பதை நாம் மறக்கலாகாது. பட்டதாரிகள் அல்லர், லயத்து வீட்டில் வாழ்ந்த தோட்டப் பாட்டாளிகள் அவ்வுரிமையைக் கேட்டார்கள்.

அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன், தமிழ் நேசன் நாளிதழின் துணையாசிரியராக இருந்தவர். அவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பேசியவரை நாடு கடத்திவிட்டால் பேச்சும் ஓய்ந்துவிடும் என்று காலனி அரசு எண்ணியது. ஐந்தே ஆண்டுகளில் அதே குரல் நாடு முழுவதும் ஒலித்தது.

சங்கத்தின் எழுச்சியும் தடையும்

போருக்குப் பின் உருவான அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராகக் கணபதி உயர்ந்தார். 1947இல் அச்சம்மேளனத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 250,000க்கும் மேல். சீனரும் இந்தியரும் ஒரே சங்கத்தில் தோளோடு தோள் நின்றனர். அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாள், பிரிட்டிஷார் வரைந்த அரசியலமைப்பை எதிர்த்து நாடு தழுவிய கடையடைப்பு நடந்தபோது, சம்மேளனமும் அதில் பங்கு கொண்டது.

ஆனால் உண்மையை முழுமையாகச் சொல்ல வேண்டும். சம்மேளனத்தை மலாயாக் கம்யூனிஸ்டு கட்சி வழிநடத்தியது. கணபதியும் அக்கட்சியைச் சார்ந்தவரே. 1948இன் தொடக்கத்தில் கட்சி போராட்டப் பாதையை மாற்றிக்கொண்டபோது, மிரட்டலும் கொலையும் தலைதூக்கின. அரசும் விரைந்து செயல்பட்டது. ஜூன் 12ஆம் நாள் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. சம்மேளனம் சட்டத்துக்குப் புறம்பானது. ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாள்களில் அவசரகாலம் நாடு முழுவதற்கும் விரிந்தது.

அதே 1948இல்தான் நிந்தனைச் சட்டமும், நாளேடுகள் ஆண்டுதோறும் உரிமம் பெற வேண்டும் என்ற அச்சகச் சட்டமும் வந்தன. கூட்டம் போட வழியில்லை. சங்கம் நடத்த வழியில்லை. சிலர் சிறைக்குப் போயினர், சிலர் கப்பலேற்றப்பட்டனர், சிலர் காட்டுக்குள் நுழைந்தனர்.

இரண்டு வாரத்தில் ஒரு தீர்ப்பு

1949 மார்ச் 1ஆம் நாள், ரவாங் அருகே கணபதி பிடிபட்டார். கையில் ஒரு சுழல் துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன. அவசரகால ஒழுங்குமுறைகளின்படி, அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே மரண தண்டனை. யாரையும் கொன்றதாக அவர்மீது குற்றச்சாட்டு இல்லை. துப்பாக்கியைக் கண்டெடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போனதாக அவர் கூறிய விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. மார்ச் 15ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு தள்ளுபடியானது. நேருவின் அரசு தண்டனையைக் குறைக்கக் கேட்டது. மலாயாவிலிருந்த இந்தியப் பிரதிநிதி ஜோன் திவியும் முயன்றார். எதுவும் பலிக்கவில்லை.

தூக்குக்கு முந்திய நாளான மே 3ஆம் தேதி, அவருடைய தோழரும் தொழிற்சங்கத் தலைவருமான வீரசேனன் நெகிரி செம்பிலானில் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த நாள் கணபதி. அதே சட்டத்தின்கீழ் மரண தண்டனை பெற்ற சாம்பசிவம் என்ற மற்றொரு தமிழரின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1950இல் அவர் விடுதலை பெற்றார். அவருடைய வழக்கை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். ஒருவருக்குக் கயிறு, ஒருவருக்கு விடுதலை. கணபதியின் வழக்கில் அந்த அவசரம் தேவைதானா என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது.

யாருடைய துயரம்?

கணபதிக்காகக் கண்ணீர் விடும்போது மற்றவர்களையும் நினைக்க வேண்டும். 1960 ஜூலை 31 வரை நீடித்த அவசரகாலத்தில் பொதுமக்கள் 2,400க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களில் கெரில்லாக்களுக்குப் பலியான தோட்டத் தமிழர்களும் உண்டு. அதிகாலையில் பால் வெட்டப் போனவர் திரும்பி வராத வீட்டில், கொள்கை விளக்கம் யாருக்கு ஆறுதல் தரும்? 1951 அக்டோபரில் பிரேசர் மலைப் பாதையில் பதுங்கியிருந்தவர்கள் சுட்டதில் மாண்டார் ஹென்றி கர்னி. கணபதி தூக்கிலிடப்பட்டபோது தூதராணையராக இருந்தவர் அவரே. மறுபுறம், 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஆயுதமற்ற 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். அவர்களுடைய உறவினர் 2015 வரை இலண்டன் நீதிமன்றத்தில் போராடியும் பொது விசாரணை கிடைக்கவில்லை. துயரத்துக்கு இனமில்லை, கட்சியுமில்லை. அது பேரப்பிள்ளைகள் வரை வரும்.

அதனால்தான் அக்காலத்தைப் பற்றிப் பேசுவது இந்நாட்டில் இன்னமும் கடினமாக இருக்கிறது. கம்யூனிஸ்டு தலைவர் சின் பெங்கின் வாழ்வை ஒட்டி எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படம் 2006இல் தடை செய்யப்பட்டது. அவருடைய அஸ்தி 2019இல் தாயகம் வந்த செய்தி வெளியானபோது, கொல்லப்பட்ட பாதுகாப்புப் படையினரை நினைத்துப் பலர் கொதித்தெழுந்தனர். அந்தக் கொதிப்பு பொய்யன்று, அதை மதிக்க வேண்டும். காயம்பட்டவரை ஏளனம் செய்வதும், புதிய வன்முறையைத் தூண்டுவதும் கருத்துச் சுதந்திரம் ஆகா. ஆனால் நடந்ததை ஆராய்வதும், தண்டிக்கப்பட்டவரின் வாழ்க்கையை எழுதுவதும் அக்குற்றத்தில் சேர்த்தி அல்ல. எல்லை தேவை. அவ்வெல்லை வரலாற்றின் வாயை அடைப்பதாக இருக்கக் கூடாது.

கணபதியைத் தெய்வமாக்கத் தேவையில்லை. அவர் கைக்கொண்ட ஆயுதத்தைப் போற்றவும் தேவையில்லை. சொல்லால் வென்ற காலத்தில் அவர் இலட்சக்கணக்கானோரை ஒன்றுதிரட்டினார். துப்பாக்கி ஏந்திய காலத்தில் தனி மனிதராகப் பிடிபட்டார். இதில் இளையோருக்கு ஒரு பாடம் உண்டு. சொல்லின் கதவை அடைத்த அரசுக்கும் அதே அளவு பாடம் உண்டு.

அடுத்த முறை அந்தப் பழைய நுழைவாயிலைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் அவசரகாலத்தில் அவர்கள் எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்ததை, அவர்கள் பெற்றோர் சொல்லக் கேட்டதை எழுதி வையுங்கள். கிள்ளான் பாட்டாளிகள் 1941இல் கேட்ட பேச்சுரிமைக்கு நாம் செலுத்தக்கூடிய முதல் நன்றிக்கடன் அதுவே.