கம்ப்யூட்டரைப் பெட்டியில் அடைத்தவர்!

குட்டீஸ்... கடையில் கம்ப்யூட்டர் வாங்குகிறோம். வீட்டு மேஜையில் வைத்து சுவிட்சைப் போடுகிறோம். உடனே கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம். ஆனால், ஒரு காலத்தில் இது இவ்வளவு சுலபமாக இல்லை. கம்ப்யூட்டர் ஒரு விலை, திரை ஒரு விலை, பிளாப்பி டிரைவ் ஒரு விலை, சாப்ட்வேர் ஒரு விலை என்று தனித்தனியாக வாங்க வேண்டும். மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும்!

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, ஒரே விலைக்கு, அதுவும் குறைந்த விலைக்குக் கொடுத்தார் ஒருவர். அவர் நம் திருவண்ணாமலையில் வளர்ந்து, கொடைக்கானலில் படித்தவர் என்றால் நம்புவீர்களா? அவர்தான் ஆடம் ஆஸ்போர்ன்.

ஆடம், 1939 மார்ச் 6ல், தாய்லாந்தின் பாங்காக் நகரில் பிறந்தார். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர், அங்கே பேராசிரியர். அம்மா லூசியா போலந்து நாட்டவர். இரண்டாம் உலகப் போரின்போது, அப்பாவை ஜப்பானியர் பிடித்து முகாமில் அடைத்துவிட்டனர். அம்மாவோ, ஆடமுடனும் இரண்டு மகள்களுடனும் திருவண்ணாமலையில் இருந்தார். போர் முடிந்த பிறகுதான் அப்பா வந்து சேர்ந்தார். அதுவரை அப்பாவைப் பிரிந்து, அருணாசல மலையைப் பார்த்தபடி வளர்ந்தான் சிறுவன் ஆடம். பிறகு கொடைக்கானலில் ஒரு கான்வென்ட் பள்ளியில் படித்தான். 1950ல், 11 வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான்.

அங்கே பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் படித்து, 1961ல் பட்டம் பெற்றார். அமெரிக்கா சென்று, டெலவேர் பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பொறியியலில் டாக்டர் பட்டமும் வாங்கினார். கலிபோர்னியாவில் ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்தில் நல்ல வேலை கிடைத்தது. ஆனால், பெரிய நிறுவனத்தின் கட்டுத்திட்டம் அவருக்கு ஒத்துவரவில்லை. வேலையை விட்டுவிட்டார்.

அப்போதுதான் 'மைக்ரோ பிராசசர்' என்ற சின்னஞ்சிறு சில்லு வந்திருந்தது. ஒரு அறையை அடைத்து நின்ற கம்ப்யூட்டர், இதனால் மேஜைக்குள் அடங்கப் போகிறது என்று புரிந்துகொண்டார் ஆடம். சிறிய கம்ப்யூட்டர்களைப் பற்றி, சாதாரண மக்களுக்கும் புரியும்படி புத்தகங்கள் எழுதினார். தானே பதிப்பித்து விற்றார். நன்றாக விற்பனை ஆயின. 1979ல் அந்தப் பதிப்பகத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது.

கையில் பணம் வந்ததும் சும்மா இருந்தாரா? இல்லை. கம்ப்யூட்டர் நிறுவனங்களைக் குறை சொல்லி எழுதி வந்தவர், தானே ஒன்றைச் செய்து காட்டக் கிளம்பினார். லீ பெல்சென்ஸ்டீன் என்ற கெட்டிக்கார பொறியாளரைச் சேர்த்துக்கொண்டார். ஆடமின் கணக்கு எளிமையானது: மிகச் சிறந்த பாகங்கள் தேவை இல்லை, வேலைக்குப் போதுமானவை போதும். கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே செய்தால், விலை தானாகக் குறையும்.

1981 ஏப்ரலில், 'ஆஸ்போர்ன் 1' வெளிவந்தது. பார்ப்பதற்கு, கைப்பிடி வைத்த தையல் மிஷின் பெட்டி போல இருக்கும். எடை சுமார் 11 கிலோ! மூடியைத் திறந்தால், அந்த மூடியே கீபோர்டு. நடுவில் 5 அங்குலத் திரை. இன்றைய செல்போன் திரையைவிடச் சிறியது. இரண்டு பக்கமும் பிளாப்பி டிரைவ்கள். நினைவகம் 64 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவைக்கூட அதில் வைக்க முடியாது.

அப்படியும் மக்கள் ஏன் போட்டி போட்டு வாங்கினர்? விலை 1,795 டாலர். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம்., கம்ப்யூட்டரின் ஆரம்ப விலையே 1,565 டாலர். அந்த விலைக்குத் திரையும் கிடையாது, பிளாப்பி டிரைவும் கிடையாது! ஆடமோ, எழுதுவதற்கு வேர்டு ஸ்டார், கணக்குப் போட சூப்பர் கால்க், சொந்தமாக புரோகிராம் எழுத பேசிக் என்று எல்லா சாப்ட்வேரையும் சேர்த்தே கொடுத்தார். வீட்டுக்குத் தூக்கிப் போய், பிளக்கை மாட்டினால் வேலை தொடங்கிவிடும். மாதத்துக்கு 10 ஆயிரம் கம்ப்யூட்டர்கள் வரை விற்றன.

குட்டீஸ்... யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். ஆடம் விஷயத்தில், மணியோசை ரொம்பவே முன்னால் வந்துவிட்டது! 1983 தொடக்கத்தில், இதைவிட நல்ல புதிய மாடல் வரப்போகிறது என்ற சேதியை வெளியே விட்டார். புதுசு வரும்போது பழையதை யார் வாங்குவார்? வியாபாரிகள் ஆர்டரை நிறுத்தினர். செய்து வைத்த பெட்டிகள் தேங்கின. இன்னொரு பக்கம், அதே விலைக்குப் பெரிய திரையோடு போட்டி நிறுவனத்தின் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. நிர்வாகத்திலும் ஓட்டைகள் இருந்தன. 1983 செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. அடுத்த பொருளை முன்கூட்டியே சொல்லி, கையில் இருக்கும் பொருளின் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதை, 'ஆஸ்போர்ன் விளைவு' என்று இன்றும் வியாபாரம் படிப்பவர்களுக்குச் சொல்லித் தருகின்றனர்.

விழுந்தவர் எழுந்தார். கம்ப்யூட்டர் விலை குறைந்தும், சாப்ட்வேர் விலை குறையவில்லையே என்று, 1984ல் இன்னொரு நிறுவனம் தொடங்கினார். 495 டாலருக்கு விற்ற 'லோட்டஸ் 1-2-3' போலவே இயங்கும் சாப்ட்வேரை, சுமார் 100 டாலருக்கு விற்றார். லோட்டஸ் நிறுவனம் 1987ல் வழக்குப் போட்டது. 1990ல் தீர்ப்பு ஆடமின் நிறுவனத்துக்கு எதிராக வந்தது. இரண்டாவது தோல்வி.

அதன்பின் மூளையைப் பாதிக்கும் நோய் அவரைத் தாக்கியது. எங்கே போனார் தெரியுமா? சிறுவனாகப் படித்த அதே கொடைக்கானலுக்கு! அங்கே சகோதரியின் வீட்டில் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 2003 மார்ச் 18ல், 64 வயதில் காலமானார்.

அவருடைய நிறுவனம் நீண்ட காலம் நிலைக்கவில்லை. ஆனால், அவர் காட்டிய வழி நிலைத்துவிட்டது. இன்று கம்ப்யூட்டர் வாங்கினால், தேவையான சாப்ட்வேர் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது, தூக்கிக்கொண்டும் போகிறோம். அடுத்தமுறை கம்ப்யூட்டர் முன் உட்காரும்போது, 11 கிலோ பெட்டியைத் தூக்கி வந்த இந்தக் கொடைக்கானல் மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே, செய்து முடிக்கும் முன் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்பதையும்தான்!