பதம் பார்த்துக் கரு வைத்த டாக்டர்

பாகூர் ஏரிப் பாசனத்து உழவர்கள் நிலத்தின் பதம் பார்த்துத்தான் விதை விடுவார்கள். பதம் தவறினால் நல்ல விதையும் வீண். பெண்ணின் கருப்பையும் அப்படியே! இதை அறிந்து அருஞ்செயல் புரிந்தவர், கல்கத்தா டாக்டர் சுபாஷ் முகர்ஜி.

1931-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி ஹசாரிபாக்கில் பிறந்தார். கல்கத்தாவில் மருத்துவம் படித்தார். பிறகு எடின்பரோ சென்று, ஹார்மோன்களைப் பற்றி ஆராய்ந்து 1967-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஹார்மோன்

ஹார்மோன் என்பது உடலில் ஊறி ரத்தத்தில் கலக்கும் சுரப்பு. மாதந்தோறும் முட்டை வெளிப்பட்டதும் சினைப்பையில் 'புரோஜெஸ்டிரோன்' ஊறும். அது கருப்பையின் உட்புறத்தை மெத்தை போல ஆக்கும். அதில் கரு ஒட்டிக்கொண்டால், 'எச்.சி.ஜி.' என்ற இன்னொரு ஹார்மோன் சுரக்கும். அது புரோஜெஸ்டிரோன் வற்றாமல் காக்கும். மாதவிலக்கு நிற்பது இதனால்தான்.

முதல் வாரங்களில் எச்.சி.ஜி. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். பத்தாவது வாரத்தையொட்டி உச்சத்தை எட்டிப் பிறகு குறையும். நாள் தள்ளிப்போன பெண்கள் சிறுநீர் விட்டுப் பார்க்கும் அட்டை காட்டுவதும் இதைத்தான்.

53 நாள்

ஒரு பெண்ணுக்குக் கருக்குழாய் அடைபட்டிருந்தது. முகர்ஜி ஹார்மோன் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து எடுத்தார். உடலுக்கு வெளியே கரு உண்டாயிற்று. ஆனால் அவர் அவசரப்படவில்லை. ஊசியால் ஹார்மோன் நிலை மாறியிருந்த மாதம் அது. கருவை உறைய வைத்தார். 53 நாள் காத்திருந்தார். இயற்கையாகப் பதம் கூடிய மாதத்தில் கருப்பையில் வைத்தார்.

1978-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி பெண் குழந்தை பிறந்தது! உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து 70 நாளே ஆகியிருந்தது.

நம்பவில்லை

அரசு அமைத்த குழு இதை நம்பவில்லை. சக டாக்டர்கள் ஏளனம் செய்தனர். ஜப்பான் சென்று விளக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1981-ல் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றப்பட்டார். மனம் உடைந்த அவர், அந்த ஆண்டு ஜூன் 19-ந் தேதி உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது வயது 50.

பெருமை

1986-ல் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று ஏடுகளில் பதிந்தது. அதற்குக் காரணமாயிருந்த விஞ்ஞானி டி.சி.ஆனந்தகுமார், பின்னர் முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துப் பார்த்தார். அந்தப் பெருமை முகர்ஜிக்கே உரியது என்று 1997-ல் எழுதினார். தமக்குக் கிடைத்த புகழைத் தாமே விட்டுக்கொடுத்தார்.

கருவை உறைய வைத்து, பதம் பார்த்து வைப்பது இன்று உலகெங்கும் வழக்கம். அன்றே அதைச் செய்து காட்டியவர், அதைக் காண உயிரோடு இல்லை.