ஹெலன் கெல்லரும் அவரது பெற்றோரும்

ஹெலன் கெல்லரின் விடாமுயற்சி பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவருக்குக் கல்வி கிடைப்பதற்காகப் பெற்றோர் எடுத்த முயற்சியையும் அறிந்தால்தான் அவ்வரலாறு முழுமை பெறும்.

ஹெலன் 1880 யூன் 27 இல் ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஆர்தர் பத்திரிகை ஆசிரியர். தாயின் பெயர் கேற். பிறந்து 19 மாதங்களில் ஏற்பட்ட கடும் நோயினால் ஹெலன் பார்வையையும் செவிப்புலனையும் இழந்தார். அதனால் பேச்சும் வளரவில்லை. தமது தேவைகளைச் சைகையால் உணர்த்துவார். பிறர் விளங்கிக்கொள்ளாதபோது ஆத்திரத்தில் கதறி அழுவார். இத்தகைய பிள்ளைகளுக்கான பாடசாலை எதுவும் அருகில் இருக்கவில்லை.

விதியென்று பெற்றோர் ஓய்ந்துவிடவில்லை. பார்வையும் செவிப்புலனும் இழந்த லோறா பிறிஜ்மன் என்னும் சிறுமி பொஸ்டன் நகரில் கல்வி கற்ற செய்தியை, சார்ள்ஸ் டிக்கன்ஸின் பயண நூலில் தாய் வாசித்திருந்தார். லோறாவுக்குக் கற்பித்த டொக்டர் ஹோவ் 1876 இலேயே இறந்துவிட்டார். ஆயினும் ஒரு பிள்ளைக்கு இயன்றது தம் பிள்ளைக்கும் இயலும் என்ற நம்பிக்கை தாயின் மனதில் இருந்தது.

1886 இல் ஹெலனைப் பால்ரிமோரிலிருந்த கண் வைத்தியரிடம் ரயிலில் அழைத்துச் சென்றனர். பார்வையை மீட்க முடியாது; ஆனால் கல்வி புகட்டலாம் என்ற வைத்தியர், வொஷிங்டனில் அலெக்சாண்டர் கிரகம் பெல்லைக் காணுமாறு வழிகாட்டினார். தொலைபேசியைக் கண்டுபிடித்த பெல், செவிப்புலனற்றோருக்குக் கற்பித்தவருமாவார். அவர் பொஸ்டனிலிருந்த பேர்கின்ஸ் நிறுவனத்துக்கு எழுதும்படி கூறினார். தந்தை தாமதியாது கடிதம் எழுதினார். சில வாரங்களில், ஆசிரியர் ஒருவர் கிடைத்துவிட்டதாகப் பதில் வந்தது.

அந்த ஆசிரியரே ஆன் சலிவன். பார்வைக் குறைபாடுடைய அவர், 1887 மார்ச் 3 இல் தமது 20 ஆவது வயதில் ஹெலனின் வீட்டுக்கு வந்தார். ஹெலனின் ஒரு கையில் நீரை விழச்செய்து, மறு கையில் நீர் என்னும் சொல்லை விரலால் எழுத்துக்கூட்டினார். பொருள்களுக்குப் பெயர் உண்டு என்பதை ஹெலன் அன்று உணர்ந்தார்.

1900 இல் ராட்கிளிப் கல்லூரியில் சேர்ந்த ஹெலன், 1904 இல் கலைமாணிப் பட்டம் பெற்றார். பின்னர் நூல்கள் எழுதினார். பார்வையற்றோர் நலனுக்காகப் பல நாடுகளுக்குச் சென்றார். 1955 இல் இந்தியாவுக்கும் வந்தார். 1968 யூன் 1 இல் காலமானார்.

மாணவர்களே, இப்பெற்றோர் செய்தவற்றைக் கவனியுங்கள். பிள்ளையை வீட்டில் மறைத்து வைக்கவில்லை. யாரிடம் கேட்பது என்று விசாரித்தனர். ஓரிடத்தில் காட்டிய வழியைப் பிடித்து அடுத்த இடத்துக்குச் சென்றனர். எழுத்தில் கேட்டனர்.

எமது குடாநாட்டில் கைதடி நவீல்ட் பாடசாலை இருக்கின்றது. சாதாரண பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்வி அலகுகளும் உள்ளன. இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என 2016 இல் விதிக்கப்பட்டது. இருந்தும் கூச்சத்தாலும் விபரம் அறியாமையாலும் தயங்கும் பெற்றோர் உள்ளனர். உங்கள் அயலில் அத்தகைய வீடு இருப்பின், வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். நீங்கள் கற்ற கடிதம் எழுதுதல் ஒரு பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கட்டும்.

பயிற்சி வினாக்கள்

1. லோறா பற்றிய செய்தி ஹெலனின் தாய்க்கு எவ்வாறு நம்பிக்கையளித்தது?
2. ஆன் சலிவன் வரும்வரை பெற்றோர் எடுத்த முயற்சிகளை ஒழுங்குமுறையாக எழுதுக.
3. விசேட தேவையுடைய பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்குமாறு வேண்டி, பெற்றோர் சார்பில் வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதுக.